காலால் பிறந்தவன்

நான் காலால் பிறந்தவன். என் தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னால் வலது கால்தான் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். லாரி ஓட்டிய முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை டிரைவர், எத்தனை லோடுமேன் முதுகில் இந்தக் கால் ஏறியிருக்கும் என்று எனக்கே தெரியாது. நாக்பூர் பக்கத்தில் ஒரு டாபாவில், என் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் புரியாத சர்தார்ஜி ஒருவர் குப்புறப் படுத்தார். மிதித்தேன். எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். எந்த டாக்டர் காலையாவது யாராவது தொட்டுக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டர்களை நான் நம்புவதில்லை. என் அண்ணன் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனான். ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகினார்கள். மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். ஏன் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குக் காய்ச்சல் வந்தால் போர்த்திக்கொண்டு படுப்பேன், அவ்வளவுதான்.

மருமகனையும் நான் நம்பவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? பூபதி என் மகள் சௌமியா தானே பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்த பையன். இருபத்தைந்து வயது. ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை என்று எதுவும் கிடையாது. வெற்றிலைக் கொடிக்காலில் நட்ட அகத்தி மாதிரி நிற்பான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தான். பட்டறையை மூடிவிட்டார்கள். நான்கு மாதமாக என் வீட்டில் இருந்துகொண்டு, என் குட்டியானை வண்டியில் வாழைத்தார் ஏற்ற வருகிறான். ஏற்றுவான், இறக்குவான், பேச மாட்டான். பேசாத ஆள் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை என்று ஒரு நாளும் நான் அவனைக் கூப்பிட்டதில்லை. "ஏப்பா" என்றால் திரும்பிப் பார்ப்பான்.

அன்றைக்குப் பரமத்தி வேலூரில் ஏலம் முடிந்து, நாமக்கல்லுக்கு நாற்பது தார் ஏற்ற வேண்டியிருந்தது. பாதி ஏற்றியாகிவிட்டது. ஆத்தாயி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான் பூபதி. தார் தூக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து டம்ளரை வாயில் வைக்கும்போதுதான் ஆனது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. வலது பக்க மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு அப்படியே கோணிவிட்டான்.

"என்னப்பா, ஏன் கோணுற?" என்றேன்.

"சுருக்குன்னு குத்துதுங்க மாமா. மூச்சு இழுத்தா கத்தியப் போட்டுத் திருப்புற மாதிரி இருக்குது."

"இன்னும் இருவது தார் கெடக்குதேன்னு குத்துதா?"

லோடுமேன்கள் சிரித்தார்கள். ஆத்தாயி சிரிக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, பையன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. நெஞ்சு வலியா இருந்தாலும் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இருவத்தஞ்சு வயசுல என்ன நெஞ்சு வலி? வாயுப் புடிப்பு. இஞ்சி தட்டிப் போட்டு ஒரு சோடா குடு."

சோடாவை இரண்டு வாய்க்கு மேல் அவனால் குடிக்க முடியவில்லை. மீதித் தாரை நானும் லோடுமேன்களும் ஏற்றினோம். ஏற்றிக்கொண்டே அவனைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஒரு லோடுமேன் சொன்னான்: "உங்க காலு இருக்கறப்ப சோடா எதுக்குங்க? ஒரு மிதி போடுங்க, எந்திரிச்சு ஓடுவாரு."

உண்மையைச் சொன்னால், யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். சாக்கை விரித்தார்கள். நாலு பேர் கூடினார்கள், பிறகு பத்துப் பேர். பூபதி சாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வேண்டாங்க மாமா. படுக்க முடியாதுங்க."

"பயமா இருக்குதா?"

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டால் ஒரு இளவட்டம் வேறு என்ன செய்வான்? மெதுவாக முட்டி போட்டு, கையை ஊன்றி, குப்புறப் படுத்தான். நான் செருப்பைக் கழற்றினேன். வலது காலை அவன் வலது தோள்பட்டைக்குக் கீழே வைத்தேன். முதல் மிதி பூ மாதிரி. இரண்டாவது அழுத்தி. மூன்றாவது உடம்புப் பாரத்தை எல்லாம் குதிகாலில் இறக்கி. மூன்றாவதில் அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கத்தல் இல்லை. கத்துவதற்கு மூச்சு இல்லாதவன் கத்த முயன்றால் வருமே, அப்படி.

நான்கு பேர் பிடித்துத் தூக்கினார்கள். வறட்டு இருமல் இருமினான்.

"விட்டுப்போச்சுங்களா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

பூபதி என் முகத்தைப் பார்த்தான். "விட்டுருச்சுங்க," என்றான்.

கூட்டம் கலைந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூசுகிறது.

வண்டியில் ஏறினோம். அவன் கதவோரம் சாய்ந்துகொண்டான். நாமக்கல் மண்டியில் யார் தார் எடுப்பார்கள், யார் நொட்டை சொல்வார்கள் என்று நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். "உம்" என்றுகூட அவன் சொல்லவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வழியில் பரமத்தி ஊரும் தாண்டியது. ஏதோ கேட்பதற்காகத் திரும்பினேன். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு இரண்டும் கயிறு போலப் புடைத்து நின்றன.

வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு வேப்பமரத்து நிழல். இஞ்சினை நிறுத்தினேன். சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன். மார்பின் இடது பக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கை அவன் நெஞ்சைத் தட்டியது.

பத்துச் சக்கர லாரி ஓட்டியவனுக்கு இந்தப் பழக்கம் சாகும்வரை போகாது. வண்டியை நிறுத்தினால் டீ குடிப்பதற்கு முன்னால் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு டயராகத் தட்ட வேண்டும். பின்னால் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். ஜோடியில் இரண்டும் ஒரே சத்தம் போட்டால் நிம்மதியாக டீ குடிக்கலாம். சத்தம் மாறினால் ஒன்றில் கோளாறு. இந்தச் சத்தத்தை நம்பித்தான் என் உயிர் முப்பத்தெட்டு வருடம் ரோட்டில் ஓடியது.

இடது பக்கம் தட்டினேன். கனமாக, சதையோடு ஒரு சத்தம். வலது பக்கம் தட்டினேன். டங் என்றது. காலித் தகர டின்னைத் தட்டின மாதிரி. மறுபடியும் இடது, மறுபடியும் வலது. பக்கத்தில் ஒரு பஸ் போனது. அது போகும்வரை பொறுத்து மூன்றாவது முறையும் தட்டினேன். ஜோடி சேரவில்லை.

வாயுப் பிடிப்பில் இப்படிச் சத்தம் மாறாது. நடிக்கிறவனுக்கும் மாறாது.

"மாமா," என்றான். ஒரு மூச்சு விட்டான். "சௌமியாகிட்ட..." இன்னொரு மூச்சு. "மிதிச்சதச் சொல்லாதீங்க."

நான் இஞ்சினை முடுக்கினேன்.

குட்டியானை அந்த வேகத்தில் போகிற வண்டி இல்லை. நாற்பது தாரோடு போகவே போகாது. போனது. ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். ஒரு திருப்பத்தில் கயிறு தளர்ந்து ஒரு தார் ரோட்டில் விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஏதோ திட்டினான். ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் பூபதி தோள். அவன் தலை முன்னால் தொங்கும்போதெல்லாம் தூக்கித் தூக்கி விட்டேன். "ஏப்பா, தூங்காத. ஏப்பா, என்னப் பாரு." பார்ப்பான். மறுபடி தொங்கும்.

நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கையை நீட்டினார்.

"வாழத்தாரையெல்லாம் இந்தக் கேட்டுல உட முடியாதுங்க. பின்னால சமையக்கட்டுக்குப் போங்க."

"ஏனுங்க, தார் குடுக்க வரலீங்க! என்ற மாப்பிள்ளைக்கு மூச்சு நிக்கப்போவுது, கேட்டத் தொறங்க சாமி!"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டு வண்டிக்கு முன்னால் அவரே ஓடினார்.

அவசர அறையில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் மகளைவிடச் சின்னவள் போல இருந்தாள். வளையல் போடாத கை, குச்சி மாதிரி. டாக்டர் எங்கே என்று நர்ஸிடம் கேட்டேன். "இவங்கதானுங்க வினோலியா டாக்டர்," என்றார்கள். இருந்திருந்து இந்தப் பிள்ளையிடமா?

அவள் பூபதியின் கழுத்தைப் பார்த்தாள். குழாயைக் காதில் மாட்டி மார்பில் வைத்தாள்.

"வலது பக்கம் தட்டுனா வேற சத்தம் வருதுங்க அம்மணி," என்றேன்.

திரும்பினாள். "யாரு தட்டுனது?"

"நான்தானுங்க. டயர் தட்டற மாதிரி."

அவள் ஒரு விரலை மார்பில் படிய வைத்து, இன்னொரு விரலால் அதன்மேல் தட்டினாள். இடது, வலது. நானும் காதைக் கொடுத்தேன். அதே சத்தம். நான் வேப்பமரத்தடியில் கேட்ட அதே டங். ஒரு டாக்டர் காதிலும் என் காதிலும் ஒரே விஷயம் விழுந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பக்கவாட்டில் திருப்பிச் சட்டையைத் தூக்கினார்கள். முதுகில் சிவப்பாக, குதிகால் அளவுக்கு ஒரு தடம்.

"இது என்ன? அடிச்சாங்களா? விழுந்தாரா?" என்றாள்.

பூபதி இல்லை என்று தலையை ஆட்டினான். பேச மூச்சு இல்லை, ஆனாலும் ஆட்டினான். நான் சுவரைப் பார்த்தேன். சொன்னால் போலீஸுக்கு எழுதுவார்கள். எழுதினால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் இவள் வேறு எதையாவது நினைத்து வேறு எதையாவது செய்வாள். தடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் மிதிச்சேனுங்க," என்றேன். "புடிப்புன்னு நெனச்சு."

"மிதிக்கறதுக்கு முன்னாலயே வலி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. சும்மா உக்காந்து டீ குடிக்கறப்ப வந்துச்சு."

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நர்ஸ் பக்கம் திரும்பி, பெரிய ஊசி கேட்டாள். எக்ஸ்ரேவுக்கு நேரமில்லை என்றாள். பிறகு என்னிடம் மளமளவென்று சொன்னாள்: "நுரையீரல்ல ஓட்டை விழுந்திருக்கு. காத்து அது வழியா வெளிய வந்து, விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவுல அடைச்சு நிக்குது. திரும்பிப் போக வழியில்ல. நுரையீரல் சுருங்கிப்போச்சு, இப்ப இதயத்தையும் நெருக்குது. ஊசி குத்தி அந்தக் காத்த வெளிய விடறேன். அப்புறம் பக்கத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும்."

ஓட்டை. குழாய். என் அண்ணன் நடந்து போன கால் என் கண்முன்னால் வந்தது. ஊசி பிடித்த அவள் மணிக்கட்டை நான் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம் அம்மணி. குத்தாதீங்க. குழாய் வெச்சவங்க பொழைக்க மாட்டாங்க."

"கைய விடுங்க. இன்னும் ரெண்டு நிமிஷத்துல இவரு மயங்கிருவாரு."

நான் விடவில்லை. விட வேண்டும் என்று தெரிந்தது, விரல் கேட்கவில்லை. அப்போது என் கைமேல் இன்னொரு கை வந்து விழுந்தது. சில்லென்று ஈரமாக இருந்தது. பூபதி. கட்டிலில் கிடந்தபடியே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அவன் கையில் பலமே இல்லை. ஒரு சின்னக் குழந்தைகூட அதைத் தட்டிவிடும். என்னால் தட்டிவிட முடியவில்லை.

ஊசி இறங்கியது. உஸ்ஸ் என்று சத்தம் வந்தது. டயர் வால்வுக்குள் இருக்கும் பின்னை ஆணியால் அழுத்தினால் வருமே, அதே சத்தம். நான் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் வந்துகொண்டே இருந்தது. கழுத்து நரம்பு மெல்லத் தாழ்ந்தது. உதட்டிலிருந்து அந்த நாவல்பழ நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பூபதி ஒரு மூச்சு இழுத்தான். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முழுசாக ஒரு மூச்சு.

குழாய்க்கு நான் கையெழுத்துப் போட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, விலாவில் ஓட்டை போட்டு, குழாயை விட்டு, மறு நுனியைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வைத்த ஒரு பாட்டிலில் விட்டார்கள். தண்ணீரில் முட்டை முட்டையாகக் காற்று வந்தது.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"உள்ள நிக்கற காத்து இது வழியா வெளிய வரும், திரும்ப உள்ள போகாது. கொமிழி நின்னாத்தான் ஓட்டை அடைஞ்சதுன்னு அர்த்தம்."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது எனக்குத் தெரியாதா?

"நான் மிதிச்சதுனால ஆச்சுங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"ஓட்டை முன்னாலயே விழுந்துருச்சு. இவரை மாதிரி ஒசரமா ஒல்லியா இருக்கற பசங்களுக்கு ஒரு காரணமும் இல்லாம வரும். நுரையீரல் உச்சியில சின்னக் கொப்புளம் இருக்கும், ஒருநாள் உடையும். பீடி சிகரெட் குடிச்சா இன்னும் சீக்கிரமா உடையும்." பூபதியைப் பார்த்தாள். "குடிப்பீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். "நாளைக்கு நாலஞ்சுங்க," என்றான்.

நாலைந்து! என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு! எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் இதை மட்டும் விட்டிருக்கிறேன்.

"இதோட விட்டுருங்க. இது திரும்ப வரவும் வாய்ப்பு இருக்கு," என்றாள் அவனிடம். பிறகு என்னிடம்: "நீங்க மிதிச்சது நல்லது ஒண்ணும் பண்ணல. எவ்வளவு கெடுத்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

தெரியாது என்றாள். அண்ணன் செத்தபோது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நான் அவள் சொன்னதை எல்லாம் நம்ப ஆரம்பித்தேன்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சௌமியா ஓடி வந்தாள். டீச்சர் வேலை, போனைப் பைக்குள் போட்டு வைப்பாள். பூபதி எனக்குக் கண்ஜாடை காட்டினான், சொல்லாதே என்று. நான் சொன்னேன். கூட்டம் கூட்டி மிதித்ததிலிருந்து டாக்டர் கையைப் பிடித்தது வரை. அவள் அழவில்லை, கத்தவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"இந்தக் கால வெச்சுக்கிட்டு உங்களுக்குச் சும்மா இருக்கவே முடியாதாப்பா?" என்றாள். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரிதான்.

தார் வண்டியிலேயே கிடந்தது. மறுநாள் பழுக்க ஆரம்பித்ததும் சீப்பு சீப்பாக அறுத்து வார்டில் கொடுத்தேன். காவல்காரருக்கு ஒரு முழுத் தார்.

நான் பாட்டிலைவிட்டு நகரவில்லை. முதல் நாள் மூச்சுக்கு மூச்சு குமிழி வந்தது. இரண்டாம் நாள் இருமினால் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் விடிந்தது. என் அண்ணன் போனது மூன்றாம் நாள். பூபதி நன்றாகத்தான் இருந்தான், இட்லி தின்றான். அண்ணனும் அன்றைக்கு இட்லி தின்றான்.

டாக்டர் வந்து இருமச் சொல்லிப் பார்ப்பார்கள் என்றார்கள். பூபதி வலிக்குப் பயந்து மெதுவாகத்தான் மூச்சு விட்டான். குழாயில் தண்ணீர் ஏறி இறங்கியது, குமிழி இல்லை. மெதுவாக மூச்சு விட்டால் வராதுதான். அதை வைத்து நான் எப்படி நம்புவது? ஓட்டை அடைபட்டதா, ஒளிந்துகொண்டிருக்கிறதா?

அப்போது பக்கத்துக் கட்டில்காரர் பெண்டாட்டி பெரியநாயகி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க காலால பொறந்தவருங்களாமா? மூணு நாளா ஸ்டூல்ல உக்காந்து இடுப்புப் புடிச்சுக்கிச்சு. ஒரே ஒரு மிதி..."

சௌமியா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"அய்யோ, போங்க ஆத்தா! அந்தச் சின்ன டாக்டர் வருவாங்க, அவங்ககிட்டத் தட்டிக் காட்டுங்க!"

"இடுப்பத் தட்டிப் பாப்பாங்களா?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள்.

பூபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, விட்டு விட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முட்டியது. பெரிய இருமல், கட்டில் ஆடுகிற மாதிரி.

நான் தரையில் முட்டி போட்டுப் பாட்டிலுக்கு நேராக முகத்தை வைத்தேன். குழாயில் தண்ணீர் குதித்தது, இறங்கியது, மறுபடி குதித்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

பஞ்சர் ஒட்டினவன் டியூபை ஒரு தடவை முக்கிப் பார்த்துவிட்டு மாட்ட மாட்டான். நான் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்காச் சிரிங்க மாப்ள," என்றேன்.